தூளிக்குப் பின்னால் 5,700 மீட்டர்

கொலம்பியாவின் வடக்குக் கரையில் இருக்கும் தைரோனா தேசியப் பூங்காவில் இரவு தங்கப் போகிறவருக்குக் கிடைக்கும் வசதி கொஞ்சம்தான். கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய தூளிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொசுவலை. தூளி ஒத்துவராதவர்களுக்குத் தென்னை மரத்தடியில் வாடகைக் கூடாரம். குளியலறையும் கழிப்பறையும் எல்லோருக்கும் பொது. ஜெனரேட்டர் ஓடும்வரை விளக்கு எரியும். அது நின்றால் இருட்டு. சாலையும் இங்கே வருவதில்லை. எல் சைனோ வாயிலில் நுழைவுச்சீட்டு வாங்கி, கன்யாவெரால் வரை வேனில் போய், பிறகு காட்டுப் பாதையில் சுமார் இரண்டு மணி நேரம் நடந்தால் காபோ சான் ஹுவான் என்ற கடல்முனை வரும். அங்கே ஒரு பாறைக் குன்றின் உச்சியில், நாலாபக்கமும் திறந்த ஒரு மண்டபத்திலும் தூளி கட்டி வைத்திருக்கிறார்கள். முதலில் நிரம்புவது அந்த இடம்தான். விடிவதற்குள் அங்கே படுத்தவர்களில் பாதிப்பேர் பையில் இருக்கும் துணியையெல்லாம் எடுத்துப் போர்த்திக்கொண்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

போய்வந்தவர்களுக்குப் பொதுவாக மூன்று புதிர்கள் மிஞ்சுகின்றன. கரீபியக் கடல் என்றால் வெதுவெதுப்பாகத்தானே இருக்க வேண்டும், ஜனவரியில் இறங்கினால் ஏன் உடம்பு சிலிர்க்கிறது? இத்தனை அழகான மணற்கரை இருக்க, குளிக்கக் கூடாது என்று ஏன் பலகை வைத்திருக்கிறார்கள்? பகலெல்லாம் வியர்த்துக் கொட்டிய இடத்தில் விடியற்காலை ஏன் பல் கிட்டுகிறது? கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இவற்றுக்குப் பாதி விடைதான் கிடைக்கும். மீதி முதுகுப்பக்கம் நிற்கிறது.

அங்கே நிற்பது சியெர்ரா நெவாடா தே சாந்தா மார்த்தா. கடலோரத்தில் எழும் மலைகளில் உலகிலேயே உயரமானது என்று சொல்லப்படுவது. கிறிஸ்டோபல் கொலோன், சிமோன் பொலிவார் என்று இரட்டைச் சிகரங்கள். உயரம் ஏறக்குறைய 5,700 மீட்டர். தொட்டபெட்டாவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த உச்சிக்கும் கடலுக்கும் இடையே நேர்க்கோட்டில் வெறும் 42 கிலோமீட்டர்தான் தொலைவு. தென்னை மரத்தையும் பனிப்பாறையையும் அவ்வளவு சின்ன இடைவெளியில் பார்க்கும் வாய்ப்பு பூமியில் அதிகம் இல்லை. இது ஆண்டிஸ் தொடரின் கிளையும் இல்லை. முக்கோண வடிவில் தனியாக நிற்கும் பாறைக்கட்டு. மேற்கிலும் வடக்கிலும் நிலப்பிளவுகள் வெட்டிவிட, நடுவில் இருந்த துண்டு மேலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. மலை செங்குத்தாகக் கடலில் இறங்குவதால் தண்ணீருக்கு அடியிலும் அதே சரிவு தொடர்கிறது. கரையை ஒட்டி அகலமான ஆழமற்ற மேடை இங்கே கிடையாது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பலவும் எளிதாகப் புரியும்.

1964இல் இந்தக் கரையின் ஒரு துண்டைக் கொலம்பிய அரசு தேசியப் பூங்காவாக்கியது. மொத்தம் சுமார் 15,000 ஹெக்டேர். அதில் 12,000 நிலம், 3,000 கடல். பரப்பைப் பார்த்தால் பெரிய பூங்கா இல்லை. ஆனால் ஒரே பூங்காவுக்குள் இரண்டு வெவ்வேறு நாடுகள் இருப்பதுபோலத் தோன்றும். மேற்குப் பக்கம், நெகுவான்ஹே, கோன்சா விரிகுடாக்களின் அருகே, கள்ளியும் முள்ளும். மாதக்கணக்கில் இலையுதிர்த்து நிற்கும் மரங்கள். கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் கன்யாவெராலில் இறங்கினால் கொடி பின்னிய ஈரக்காடு, காலடியில் சேறு.

காரணம் காற்று. ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வியாபாரக் காற்று கரீபியன் முழுவதையும் கடந்து வந்து இந்த மலைமேல் மோதுகிறது. மோதிய காற்று மேலே ஏறும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் சுமந்துவந்த ஈரத்தைக் கொட்டும். கிழக்குப் பக்கத்துக்கு மழை இப்படிக் கிடைக்கிறது. மலையின் மறைவில் இருக்கும் மேற்குப் பக்கத்துக்குக் காய்ந்த காற்றுதான் மிச்சம். பூங்காவுக்கு மேற்கே ஒட்டியிருக்கும் சாந்தா மார்த்தா நகரம் வெப்ப மண்டலத்துக் கடலோரத்தில் இருந்தும் வறண்ட ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் வாழும் தமிழ்நாட்டுக்காரருக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

அவருக்கு அங்கே இன்னொரு பழைய முகமும் எதிர்ப்படும். அந்த வறண்ட பக்கத்தில் ‘த்ருபியோ’ என்று உள்ளூர்க்காரர்கள் அழைக்கும் முள்மரம் நம் சீமைக்கருவேலம்தான், புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. இது அதன் சொந்த ஊர். ராமநாதபுரத்தில் கண்மாய்களை விழுங்கிய மரம், சாந்தா மார்த்தாவில் ஆடு மாடு ஒதுங்க நிழல் தரும் சாதாரண மரமாக நிற்கிறது. அதே விதைதான். பிறந்த மண்ணில் அதன் காயைத் துளைக்கும் வண்டுகளும், இடத்துக்குப் போட்டி போடும் பிற செடிகளும் கூடவே வளர்ந்திருக்கின்றன. கடல்தாண்டிப் போனபோது அவை உடன் வரவில்லை.

கன்யாவெராலிலிருந்து நடக்கும் பாதையில் கீழே பார்த்து நடப்பது நல்லது. வேருக்காக மட்டும் இல்லை. இலைவெட்டி எறும்புகள் பாதையின் குறுக்கே தங்களுக்கென ஒரு சாலை போட்டிருக்கும். உள்ளங்கை அகலத்துக்குச் சருகு, குச்சி எதுவும் இல்லாமல் துடைத்தெடுத்த சாலை. ஒரு பக்கம் வெறுங்கையோடு போகும் கூட்டம், மறுபக்கம் தன்னைவிடப் பெரிய பச்சை இலைத்துண்டைப் பாய்மரம்போல் தூக்கிக்கொண்டு திரும்பும் கூட்டம். குனிந்து உற்றுப் பார்த்தால் சில இலைத்துண்டுகளின்மேல் கடுகளவு குட்டி எறும்பு ஒன்று சவாரி செய்வது தெரியும். ஓசிப் பயணம் இல்லை அது. சுமக்கும் எறும்பின் வாய் இலையைப் பற்றியிருக்கும் நேரம் பார்த்து, அதன் உடம்பில் முட்டையிட ஒருவகை ஈ வட்டமிடும். அதை விரட்டத்தான் மேலே காவல். இத்தனை பாடுபட்டுக் கொண்டுபோகும் இலையை எறும்புகள் உணவாகக் கொள்வதில்லை. மண்ணுக்கடியில் அதை மென்று உரமாக்கி, அதன்மேல் ஒரு பூஞ்சையை வளர்த்து, அதைச் சாப்பிடுகின்றன. மனிதன் விவசாயம் கண்டுபிடிப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே எறும்பு வேளாண்மை தொடங்கிவிட்டது.

காடு விலகிக் கடல் தெரியும் இடத்தில் முதலில் கண்ணில் படுபவை பாறைகள். யானை உயரத்துக்கு, சில இடங்களில் வீட்டு உயரத்துக்கு, உருண்டை உருண்டையாக மணல்மேல் உட்கார்ந்திருக்கும். அலை உருட்டி வழவழப்பாக்கியது என்றே பலரும் நினைக்கிறார்கள். அலைக்கு அதில் பங்கு மிகக் குறைவு. இந்த உருண்டைகளில் பெரும்பாலானவை மண்ணுக்கடியில் உருவானவை. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து இறுகிய பாறைக்குழம்பு இது. கருங்கல் குடும்பத்தைச் சேர்ந்தது. மலை மேலெழுந்து, மேலிருந்த சுமை அரித்துப் போகப்போக, பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விழுந்து, அது கட்டம் கட்டமாகப் பிரிந்தது. விரிசல்களில் இறங்கிய மழைநீர் பாறையில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தைக் களிமண்ணாக மாற்றத் தொடங்கியது. ஒரு கட்டத்தின் தட்டையான முகத்தை நீர் ஒரு திசையிலிருந்துதான் தாக்கும். விளிம்பை இரண்டு திசையிலிருந்து, முனையை மூன்று திசையிலிருந்து. அதனால் முனைகள் முதலில் கரைந்தன; கட்டம் உருண்டையானது. பிறகு சுற்றியிருந்த களிமண்ணை மழை கழுவிக்கொண்டு போக, உருண்டைகள் வெளியே தெரிந்தன. கடைசியாக வந்து நனைக்கும் வேலையை மட்டும்தான் கடல் செய்கிறது.

பாதையில் வரும் முதல் பெரிய மணற்கரை அர்ரெசிஃபேஸ். நீளம், அகலம், தென்னை, பின்னணியில் மேகம் சூழ்ந்த மலை என்று நாள்காட்டிப் படம்போல இருக்கும். அங்கேதான் அந்தப் பலகையும் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இங்கே மூழ்கி இறந்திருக்கிறார்கள், அந்தக் கணக்கில் நீங்களும் சேராதீர்கள் என்பது அதன் சாரம். பூங்காவிலேயே மிகவும் படித்துப் பார்க்க வேண்டிய எழுத்து அதுதான். அதைப் பின்னணியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

அங்கே ஆளைக் கொல்வது அலை என்று தோன்றும். அலை கரைக்குக் கொண்டுவந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழிதான் உண்மையில் ஆபத்து. வியாபாரக் காற்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் திறந்த கடலைத் தடவி எழுப்பிய அலைகள், வழியில் ஆழமற்ற மேடை எதுவும் இல்லாததால் வலுக் குறையாமல் இந்தக் கரைக்கு வருகின்றன. அவை மணல்திட்டுகளின்மேல் உடையும்போது கரையை ஒட்டித் தண்ணீர் மட்டம் சற்றே உயர்கிறது. உயர்ந்த தண்ணீர் எங்காவது வெளியேற வேண்டும். கரைக்கு இணையாக ஓடி, இரண்டு திட்டுகளுக்கு நடுவே இடைவெளி கிடைத்த இடத்தில் கடலை நோக்கி ஆறுபோலப் பாய்கிறது. இதுதான் ரிப் கரண்ட் எனப்படும் இழுநீரோட்டம். இந்தப் பெயரை நிலைநாட்டியவர் அமெரிக்கக் கடலியலாளர் ஃபிரான்சிஸ் ஷெப்பர்ட், 1936இல். கடல் ஆளைக் கீழே இழுத்து அமுக்குகிறது என்ற பழைய நம்பிக்கை தவறு, அது கீழே இழுப்பதில்லை, வெளியே இழுக்கிறது என்று அவர் எடுத்துக்காட்டினார்.

இதில் ஒரு கொடுமை உண்டு. திட்டின்மேல் அலை நுரைத்து உடையும். இடைவெளியில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. கரையில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு நுரைப்பரப்புகளுக்கு நடுவே கொஞ்சம் அமைதியான, கருத்த தண்ணீர் தெரியும். குழந்தையைக் கையில் பிடித்திருப்பவர் தேர்ந்தெடுப்பது அந்த இடத்தைத்தான். இழுப்பு இருப்பதும் அங்கேதான்.

வேகத்தைப் பார்ப்போம். சாதாரண இழுநீரோட்டம் நொடிக்கு அரை மீட்டர் அளவில் ஓடும். அதுவே திணறடிக்கப் போதும். மிகக் கடுமையானவை நொடிக்கு 2.4 மீட்டர் வரை போனதாக அமெரிக்காவின் நோவா நிறுவனம் சொல்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீன வீரர் பான் ஜான்லே 100 மீட்டரை 46.40 நொடியில் நீந்தி உலக சாதனை படைத்தாரே, அந்த வேகம் நொடிக்கு 2.15 மீட்டர். அவராலேயே எதிர்த்து நீந்த முடியாத தண்ணீரில் விடுமுறைக்கு வந்தவர் கரையை நோக்கி நீந்துகிறார், கை ஓய்ந்துபோகிறது. சாவுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஓய்ச்சல்தான். எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை. 2010இல் ஜேமி மெக்மேகன் குழுவினர் ஜிபிஎஸ் பொருத்திய மிதவைகளை இத்தகைய ஓட்டங்களில் விட்டுப் பார்த்தார்கள். 80 முதல் 90 சதவீதம் மிதவைகள் ஆழ்கடலுக்குப் போகவில்லை. அலை உடையும் பகுதிக்குள்ளேயே வட்டமடித்துத் திரும்பின. அதற்குப்பின், பதறாமல் மிதந்துகொண்டிரு, ஓட்டமே உன்னைத் திட்டின்மேல் சேர்க்கக்கூடும் என்றும் சிலர் சொல்லத் தொடங்கினர். எது சரி என்று வல்லுநர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அர்ரெசிஃபேஸில் அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க யாரும் இறங்க வேண்டியதில்லை. இன்னும் கொஞ்சம் நடந்தால் லா பிஸீனா வரும். பெயருக்கேற்றபடி நீச்சல்குளம்தான்: கரைக்கு முன்னால் பாறைத்தடுப்பு ஒன்று அலையை வெளியிலேயே உடைத்துவிடுகிறது.

லா பிஸீனாவில் இறங்குகிறவர் முதல் புதிருக்குள்ளும் இறங்குகிறார். அக்டோபரில் வந்தால் தண்ணீர் 28, 29 டிகிரி செல்சியஸ். பிப்ரவரியில் வந்தால் 21 டிகிரி வரை இறங்கியிருக்கும். வெயில் கொளுத்தும் வறட்சிக் காலத்தில் கடல் குளிர்கிறது. மழைக் காலத்தில் சூடாகிறது. தலைகீழ்.

இதற்கான விடையை ஆர்க்டிக்கிலிருந்து தொடங்க வேண்டும். 1893இல் நார்வேக்காரர் ஃப்ரித்யோஃப் நான்சன் ‘ஃபிராம்’ என்ற கப்பலை ஆர்க்டிக் பனியில் வேண்டுமென்றே சிக்க வைத்து அதோடு மிதந்தார். பனிக்கட்டி காற்று வீசும் திசையில் போகாமல் அதற்கு வலப்பக்கம் விலகிப் போவதைக் கவனித்தார். ஏன் என்ற கணக்கை ஸ்வீடன் நாட்டின் வாக்ன் வால்ஃபிரிட் எக்மன் போட்டார். 1905இல் விரிவாக வெளியிட்டார். காற்று கடலின் மேற்பரப்பை இழுக்கிறது. பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் நகரும் எதுவும் வலப்பக்கம் திரும்புகிறது. மேல்படலம் தனக்குக் கீழுள்ள படலத்தை இழுக்க, அது இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திரும்புகிறது. இப்படிப் படலம் படலமாகக் கூட்டிப் பார்த்தால், காற்று தொட்ட தண்ணீர் மொத்தமாக நகர்வது காற்றின் திசைக்குச் செங்குத்தாக, வலப்பக்கம்.

தைரோனாவின் மணலில் நின்று இதைச் சரிபார்க்கலாம். கரை கிழக்கு மேற்காக ஓடுகிறது. கடல் வடக்கே, மலை தெற்கே. டிசம்பர் முதல் மார்ச் வரை வலுத்த காற்று கிழக்கிலிருந்து வருகிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் மேற்கே இருக்கும். வலது கை நீட்டிக் காட்டும் திசை திறந்த கடல். மேற்பரப்பின் சூடான தண்ணீர் அந்தப் பக்கம் தள்ளப்பட்டுக் கரையை விட்டு விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப, சூரியச்சூடு எட்டாத ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. கடலடிச் சரிவு செங்குத்தாக இருப்பதால் ஆழ்நீர் கரைக்கு வெகு அருகிலேயே இருக்கிறது. மழைக் காலத்தில் காற்று தளர்ந்ததும் ஏற்றம் நின்றுவிடும். கடல் மறுபடி வெதுவெதுப்பாகும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கரையை ஒட்டி ஆழ்நீர் மேலெழுந்து மத்தி மீனுக்கு இரை பெருக்குவதும் இதே கணக்கில்தான்.

மேலே வரும் நீர் குளிரை மட்டும் கொண்டுவருவதில்லை. அடியில் மக்கிய உயிர்களின் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதில் கரைந்திருக்கும். கரீபியக் கடல் பொதுவாகக் கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதற்குக் காரணம் அதில் சத்து குறைவு என்பதே. தைரோனாவில் ஆண்டுக்கு ஒருமுறை அந்த விதி உடைகிறது; பாறைகளில் கடற்பாசி மண்டுகிறது. பவளத்துக்கு இது நல்லதா கெட்டதா என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. பாசி பவளத்தின் இடத்தைப் பிடிக்கும். குளிரும் அதற்கு ஆகாது. ஆனால் 2010இன் கடும் வெப்பத்தில் கரீபியன் பவளங்கள் வெளிறியபோது, கைராக்கா விரிகுடாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த குழு வேறொன்றைக் கண்டது. ஓட்டத்துக்கு முகம் கொடுத்திருந்த பக்கத்தில் வெளிறல் குறைவாகவும், மறைவான பக்கத்தில் அதிகமாகவும் இருந்தது. அடுத்த சில மாதங்களில் குளிர்நீர் மேலெழுந்தபோது வெளிறியவையும் தேறிக்கொண்டன. 2013இல் வெளியான அந்த ஆய்வைப் படித்தபின், ஜனவரித் தண்ணீரைத் திட்டுவதற்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது.

இரவுக்கு வருவோம். பகலில் மலைச்சரிவு கடலைவிட வேகமாகச் சூடேறுவதால் காற்று கடலிலிருந்து ஏறிவரும். சூரியன் போனபின் சரிவு வேகமாகக் குளிர்கிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்து, பள்ளத்தாக்குகளின் வழியே கடலை நோக்கி வழிகிறது. 24 டிகிரியில் யாரும் நடுங்க மாட்டார்கள், வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தால். கட்டிலில் மெத்தை ஒரு பக்கத்தை மூடிச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. தூளியிலோ முதுகுக்குக் கீழும் காற்று. உடம்பு சூடாக்கிய காற்றை ஓயாமல் வேறு காற்று வந்து தள்ளிக்கொண்டு போகிறது. பகல் வியர்வையும் கடலீரமும் சட்டையில் மிச்சமிருந்தால் அது ஆவியாகி இன்னும் கொஞ்சம் சூட்டைப் பறிக்கும். அனுபவம் உள்ளவர்கள் போர்வையை மேலே போர்த்துவதற்கு முன் அடியில் விரிக்கிறார்கள்.

அவர்கள் தூளியில் நேராகவும் படுப்பதில்லை. கயிற்றுக்குக் கயிறு நேராகப் படுத்தால் உடம்பு துணியின் வளைவை அப்படியே வாங்கிக்கொண்டு வில்லாக வளையும். முழங்கால் நேரே நீட்டித் தெறிக்கும். தலையை ஒரு விளிம்புக்கும் காலை எதிர் விளிம்புக்குமாகக் குறுக்கே போட்டால் துணி அகலமாக விரிந்து ஏறக்குறையத் தட்டையாகிறது. அருகிலுள்ள குவாஹிரா தீபகற்பத்தில் வயூ இனப் பெண்கள் நெய்யும் தூளிகள் அவ்வளவு அகலமாக இருப்பது வெறும் அழகுக்காக இல்லை.

ஆட்டம் தூக்கத்தை வரவழைக்கிறதா என்பதற்கும் சோதனை உண்டு. 2011இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் 12 ஆண்களைப் பகலில் 45 நிமிடம் தூங்க வைத்தார்கள். ஒருநாள் அசையாத கட்டிலில், ஒருநாள் மெல்ல ஆடும் கட்டிலில். ஆடிய கட்டிலில் சீக்கிரம் தூங்கினார்கள், ஆழமான கட்டத்துக்கும் போனார்கள். அந்த ஆட்டத்தின் கதி நான்கு நொடிக்கு ஒன்று. உண்மைத் தூளி அவ்வளவு நிதானமாக ஆடாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஊசலின் கணக்குப்படி நான்கு நொடி ஆட்டத்துக்கு நான்கு மீட்டர் தொங்கல் வேண்டும். சுமார் ஒன்றே கால் மீட்டர் தொங்கும் கடற்கரைத் தூளி இரண்டு நொடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். தூக்கம் வராதவர்கள் ஜெனீவாவைக் குறை சொல்ல வேண்டாம்.

தூக்கம் வராவிட்டாலும் நஷ்டமில்லை. வடக்கே முகம் பார்த்த கடற்கரை என்பதால் துருவ நட்சத்திரம் நேராகக் கடலின்மேல் நிற்கும், அடிவானத்துக்குச் சுமார் 11 டிகிரி உயரத்தில். சிதம்பரத்திலிருந்து பார்த்தாலும் அதே உயரம்தான். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஜெனரேட்டர் நிற்பதால் வேறு சிலருக்கும் லாபம் உண்டு. ஏழுவரி ஆமையும் அழுங்காமையும் இந்தக் கரைகளில் முட்டையிட ஏறுகின்றன. பொரித்த குஞ்சு மண்ணிலிருந்து வெளிவந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். விளக்கில்லாத கரையில் அது கடலின் பக்கம். விளக்கெரியும் கரையில் சாப்பாட்டுக்கடை.

பூங்காவின் விளம்பரப் படங்களில் அடிக்கடி வரும் ஒரு முகம் பருத்தித்தலைக் குரங்கு. அணிலைவிடக் கொஞ்சம் பெரிது, தலையில் வெள்ளைக் கொண்டை. உண்மையில் இது இந்த ஊர்க்காரர் இல்லை. அதன் இயற்கை வாழிடம் மேற்கே, அத்ராத்தோ, மக்தலேனா ஆறுகளுக்கு நடுவே. கூண்டில் வைத்தால் அதற்குத் தானாகவே பெருங்குடல் அழற்சியும் புற்றுநோயும் வருகின்றன என்று தெரியவந்ததும், 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் மருத்துவ ஆய்வுக்காக 20,000 முதல் 40,000 வரை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டதாகக் கணக்கு. 1974இல் கொலம்பியா ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்தச் சமயத்தில் தைரோனாவில் விடப்பட்டவற்றின் வழிவந்தவையே இன்று பயணிகளுக்குக் காட்சி தருகின்றன. மனிதர் கொண்டுவந்து விட்ட விலங்குதான் என்றாலும், உலகில் அழியும் விளிம்பில் இருக்கும் இனம்.

மலைதான் கரையை ஆள்கிறது என்பதை விஞ்ஞானிகளுக்கு முன்பே வேறு சிலர் அறிந்திருந்தார்கள். 1525இல் ஸ்பானியர்கள் சாந்தா மார்த்தாவை நிறுவியபோது இந்தச் சரிவுகளில் கல்மேடை அமைத்து ஊர்கட்டி வாழ்ந்தவர்கள் தைரோனா மக்கள். பூங்காவின் பெயர் அவர்களுடையது. 1600 வாக்கில் அவர்கள் முறியடிக்கப்பட்டபின் எஞ்சியவர்கள் மலையின் உள்ளே ஏறிப்போனார்கள். இன்று கோகி, வீவா, அருவாக்கோ, கன்குவாமோ என்ற நான்கு இனத்தார் இந்த மலையைத் தங்கள் பொறுப்பு என்கிறார்கள். அவர்களது அறிவுமரபை 2022இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு 1,73,000 காப்பிடங்களை ஒப்பிட்டு, அழிந்தால் ஈடுசெய்யவே முடியாத இடங்களின் வரிசையில் சியெர்ரா நெவாடாவை முதலில் வைத்ததையும் இங்கே சொல்லிவிடலாம்.

கோகி ஆண்கள் எப்போதும் கையில் ஒரு சுரைக்குடுக்கை வைத்திருப்பார்கள். அதற்குள் சுண்ணாம்பு. கோகா இலையை மெல்லும்போது ஒரு குச்சியால் அதை எடுத்து நாக்கில் தொட்டுக்கொள்வார்கள். இலையில் உள்ள காரப்பொருளைச் சுண்ணாம்பு விடுவித்து உடம்பில் சேரச் செய்கிறது. நம் வெற்றிலை பாக்கில் சுண்ணாம்பு செய்யும் அதே வேலை. அந்தச் சுண்ணாம்பு மலையில் கிடைப்பதில்லை. கடற்கரைக்கு இறங்கிவந்து சிப்பி பொறுக்கிச் சுட்டுத்தான் செய்ய வேண்டும். கடலோரத்தில் காணிக்கை செலுத்தினால்தான் உச்சியில் பனி நிலைக்கும், ஆறு ஓடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பனி ஏற்கெனவே வேகமாகச் சுருங்கி வருகிறது.

ஆண்டுக்கு லட்சக்கணக்கானோர் வந்துபோகும் கரையில் காணிக்கை எப்படிச் செலுத்துவது? 2015 நவம்பரில் அவர்களின் கோரிக்கையை ஏற்றுப் பூங்கா முதன்முறையாகச் சில வாரங்கள் மூடப்பட்டது. பிறகு அது ஒழுங்கான வழக்கமானது. பிப்ரவரி 1 முதல் 15 வரை, ஜூன் 1 முதல் 15 வரை, அக்டோபர் 19 முதல் நவம்பர் 2 வரை பூங்காவில் பயணிகளுக்கு அனுமதி இல்லை. ‘ரெஸ்பீரா தைரோனா’, தைரோனாவே மூச்சுவிடு, என்று இதற்குப் பெயர். தேதிகள் சடங்குகளை ஒட்டி வகுக்கப்பட்டவை. ஆனாலும் ஒன்று காற்று உச்சத்தில் இருந்து கடல் குளிர்ந்திருக்கும் நாட்களிலும், ஒன்று ஆமைகள் கரையேறும் காலத்திலும், ஒன்று மழை கொட்டிப் பாதைகள் சேறாகும் வாரங்களிலும் விழுகின்றன. கோவேறு கழுதையும் குதிரையும் மிதிக்காத இரண்டு வாரம் அந்தச் சேற்றுப்பாதைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அக்டோபர் தொடக்கத்தில் முழங்கால் வரை புதைந்து நடந்தவர்களுக்குத் தெரியும். விமானச்சீட்டு எடுப்பதற்கு முன் அந்தாண்டின் மூடல் தேதிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வாயிலுக்கு வந்தபின் யாரும் பேரம் பேசி உள்ளே போக முடியாது.